தந்தையின் கையொப்பம்



சென்ற வாரம் என் முன்னாள் மாணவி ஒருத்தி ரவாங்கில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். இப்பொழுது படிவம் நான்கில் பயில்கிறாள். வகுப்பில் முதல் மாணவி. சாரணியர் இயக்கத்தின் தலைவி. ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறாள். ஐந்து நாள் தலைமைத்துவ முகாம் ஒன்றிற்குத் தேர்வு பெற்றிருக்கிறாள். ஆனால், அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிடத் தந்தை மறுக்கிறார். “பெண்பிள்ளை ஐந்து நாள் வெளியில் தங்குவதா? படிப்பு என்னாவது?” என்று கேட்கிறாராம். “டீச்சர், நீங்க ஒரு வார்த்தை அப்பாகிட்ட பேசுங்க” என்றாள்.

அவளிடம் அன்று நான் கூறிய வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். அதிலும் ஒரு தந்தையின் கையொப்பம் வருகிறது.

1943-ஆம் ஆண்டு. மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்த காலம். தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படை அமைப்பதாக அறிவித்தார். அதுவே ஜான்சி ராணி படை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமையேற்றார்.

நேதாஜி கோலாலம்பூரிலும் உரையாற்றினார். இன்று மெர்டேக்கா சதுக்கம் என்று நாம் அழைக்கும் திடல் அது. கூட்டத்தில் ஜானகி தேவர் என்னும் இளம்பெண் இருந்தார். வசதியான தமிழ்க் குடும்பம். வேலைக்காரர்கள் சூழ வளர்ந்தவர். உள்ளதைக் கொடுங்கள் என்று தலைவர் கேட்டதும், தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். (அப்போது அவருக்குப் பதினாறு வயது என்று சில நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அவர் பிறந்தது 1925-இல். கணக்குப் போட்டால் பதினெட்டு வருகிறது. ஆசிரியர் புத்தி, கணக்கைச் சரிபார்க்காமல் இருக்க முடியவில்லை!)

நகையைக் கொடுத்தது பெரிதன்று; அடுத்து அவர் கேட்டதுதான் வீட்டைக் கலக்கியது. படையில் சேரப்போகிறேன் என்றார். மணமாகாத பெண் சேர்வதற்குத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். வீடே எதிர்த்தது. நீண்ட வற்புறுத்தலுக்குப் பின்னரே தந்தை இணங்கினார். அந்தத் தந்தையை நான் குறை சொல்லமாட்டேன். போர்க்காலத்தில் மகளை அனுப்புவதென்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் கை நடுங்காது?

1943 அக்டோபர் 22-இல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. விடியற்காலை அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, தாதிமைப் பயிற்சி, இந்துஸ்தானி வகுப்பு. செல்வமாய் வளர்ந்த ஜானகிக்குத் தொடக்கத்தில் முகாம் வாழ்க்கை ஒத்துவரவில்லை. அவருடன் இருந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள், பலர் எழுத்தறியாதவர்கள். வகுப்பறை என்பதைச் சிலர் முதன்முதலாகக் கண்டதே அம்முகாமில்தான். பங்களா வீட்டுப் பெண்ணும் பால்மரம் வெட்டும் பெண்ணும் ஒரே தட்டுச் சோற்றுக்கு வரிசையில் நின்றனர். என் பார்வையில், துப்பாக்கி பிடித்ததைவிடப் பெரிய புரட்சி அதுதான். அப்பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியவில்லை என்பதையும் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும்.

ஜானகி கேப்டனாகி, படையின் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார். பர்மாவுக்குச் சென்ற பெண்கள் போர்முனையில் நின்று சுட்டதாகச் சிலர் மேடைகளில் முழங்குகிறார்கள். அப்படி நடக்கவில்லை. மேமியோ வரை சென்றனர். காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தனர். உண்மையான சோதனை 1945 ஏப்ரல் 24-இல் தொடங்கியது. அன்று நேதாஜியும் பெண்கள் படையினரும் ரங்கூனிலிருந்து பின்வாங்கினர். பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைவு. இரவில் சேற்றிலும் காட்டுவழியிலும் நடை. பாங்காக் சேர ஏறத்தாழ மூன்று வாரமாயிற்று. அப்பெண்களைக் கட்டுக்கோப்பாக நடத்திச் சென்றபோது ஜானகிக்கு இருபது வயது.

போர் முடிந்ததும் அவர் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. மலாயாவுக்கு வந்த இந்திய காங்கிரஸ் மருத்துவக் குழுவோடு சேர்ந்து தொண்டாற்றினார். 1946-இல் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரஸை அமைத்தபோது துணைநின்றார். பின்னர் ஆதி நாகப்பனின் துணைவியார் ஆனார். நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014 மே 9-இல் மறைந்தார்.

இன்னொருவரையும் ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா, பதினாறு வயதில் தம் சகோதரி பொன்னம்மாவுடன் அதே படையில் சேர்ந்தவர். பின்னாளில் ஆசிரியரானார். அக்காலத்தில் ஆசிரியைகளுக்கு ஆண்களைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்று, சம ஊதியத்திற்காகப் போராடினார் ராசம்மா பூபாலன். மாத இறுதியில் என் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது, சில வேளைகளில் அவரை நினைத்துக்கொள்வேன்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு என் மாணவி, “அவங்க அப்பா எப்படி டீச்சர் ஒத்துக்கிட்டாரு?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மாலை நான் அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். ஜானகியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அச்சம் என்னவென்று கேட்டேன். முகாமில் எத்தனை ஆசிரியைகள் உடன் தங்குவார்கள், இரவில் காவல் உண்டா, மகளோடு தினமும் பேச முடியுமா என்று வரிசையாகக் கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். பள்ளியில் விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். கடிதத்தை ஒப்படைக்க வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது.