எஃகில் மென்பற்றாசு வைத்தல்

எஃகில் மென்பற்றாசு வைத்தல் என்பது 450 °செ-க்குக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலப்புலோகத்தைக் கொண்டு எஃகுத் துண்டுகளை இணைக்கும் முறையாகும். பேச்சு வழக்கில் இது ஈயம் வைத்தல் எனப்படுகிறது. உருக்கி இணைக்கும் பற்றவைப்பைப் போலன்றி, இதில் எஃகு உருகுவதில்லை.

பெயர்க் குழப்பம்

தமிழில் ஈயம் என்னும் சொல் வெள்ளீயம், காரீயம் ஆகிய இரு தனிமங்களையும் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச்செம்பு வெள்ளீயத்தால் ஆனது. மரபான பற்றாசிலோ இவ்விரண்டும் கலந்துள்ளன. காரீயம் நச்சுத்தன்மை உடையது.

செயற்படும் விதம்

வெள்ளீயம் 232 °செ-யிலும் காரீயம் 327 °செ-யிலும் உருகும். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கொண்ட கலவை 183 °செ-யிலேயே உருகிவிடும். எஃகுடன் வினைபுரிந்து பிணைப்பை உண்டாக்குவது வெள்ளீயம் மட்டுமே. காரீயம் இரும்புடன் சேர்வதில்லை. அது உருகுநிலையையும் விலையையும் குறைக்கவே பயன்படுகிறது.

செய்முறை

 துருவையும் எண்ணெய்ப் பசையையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்க வேண்டும்.
 துத்தநாகக் குளோரைடு, நவச்சாரம் கலந்த இளக்கியைத் தடவ வேண்டும். மின்னணு வேலைக்குரிய பிசின் இளக்கி எஃகுக்குப் போதாது.
 இரு பரப்புகளிலும் தனித்தனியே மெல்லிய பற்றாசுப் பூச்சு இட்டு, பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சூடாக்க வேண்டும்.
 எஞ்சிய இளக்கியை நீரால் கழுவ வேண்டும். இல்லையெனில் இணைப்பு துருப்பிடிக்கும்.

துருவேறா எஃகின் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலத்தை நீக்கப் பாசுபாரிக் அமிலம் போன்ற வலுவான இளக்கி தேவை.

மென்பற்றாசு எஃகைவிடப் பன்மடங்கு வலிமை குறைந்தது. எனவே விளிம்புகளை முட்டவைத்து இணைக்காமல், மேற்பொருத்தியோ மடித்துக் கோத்தோ இணைப்பர்.

வெள்ளீய முலாமும் காரைக்குடியும்

வெள்ளீய முலாம் பூசிய எஃகுத் தகட்டில் பற்றாசு எளிதில் பரவும். இத்தகைய மின்முலாம் பூச்சு மின்வேதியியலின் ஒரு பகுதியாகும். அத்துறைக்கான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 சனவரி 14 அன்று நிறுவனம் திறக்கப்பட்டது.

காரீய நச்சு

காரீயம் உடலில் சேர்ந்து, குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை. புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருட்கள் பற்றாசிலுள்ள காரீயத்தைக் கரைக்கும். காரீயப் பற்றாசிட்ட உணவுக் குவளைகளை ஐக்கிய அமெரிக்கா 1995 இல் தடை செய்தது.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் எனாமல் பூசிய பழைய எஃகுப் பாத்திரங்கள் விற்கப்படுகின்றன. பற்றாசு இட்டு ஓட்டை அடைத்த பாத்திரங்களை அழகுப் பொருளாக வைத்துக்கொள்ளலாம். சமைக்கவோ குடிநீர் வைக்கவோ பயன்படுத்தலாகாது. உணவுடன் தொடர்புடைய புதிய இணைப்புகளுக்கு அதற்கெனத் தயாரிக்கப்பட்ட காரீயமற்ற பற்றாசையே பயன்படுத்த வேண்டும். 99.3 விழுக்காடு வெள்ளீயமும் 0.7 விழுக்காடு செம்பும் கொண்ட கலவை அவ்வகைப் பற்றாசுகளுள் ஒன்று. அது 227 °செ-யில் உருகும்.