பத்து மூச்சுக்கு ஒரு மணி

லோஹேகாவில் விமான சத்தத்துக்கு நடுவே குடியிருந்துகொண்டு, வங்கியில் கணக்குப் பார்க்கிறவனுக்கு மருத்துவப் பயிற்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பயிற்சி வகுப்பு என்று ஒன்று வைத்தால் 'நோக்கம்' என்று ஒரு பத்தி எழுதியாக வேண்டும். அது ஆஸ்பத்திரியிலும் உண்டு, எங்கள் வங்கித் துறையிலும் உண்டு. 'பங்கேற்பாளர்கள் கள்ளநோட்டு குறித்து விழிப்புணர்வு பெறுவர்.' பெற்றார்களா இல்லையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இந்த மாதிரி வாக்கியங்களோடு சண்டை போடவே 1962-ல் அமெரிக்காவில் ராபர்ட் மேகர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். படித்து முடித்தவர் என்ன செய்து காட்டுவார், எந்தச் சூழ்நிலையில், எவ்வளவு சரியாக - நோக்கத்தில் இந்த மூன்றும் வேண்டும் என்றார். என் பாஷையில் சொன்னால்: 'நூறு நோட்டுக் கட்டைக் கொடுத்தால், மெஷின் இல்லாமல், அதில் கலந்திருக்கும் கள்ளநோட்டை ஒன்று விடாமல் எடுத்து வைப்பார்.' பாருங்கள், பரீட்சையும் சேர்ந்தே தயாராகிவிட்டது :-)

மருத்துவக் கல்விக்கும் இது வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1977-ல் ஜே.ஜே. கில்பர்ட் எழுதிய ஆசிரியர் கையேட்டை வெளியிட்டது. முதலில் ஊரில் என்ன நோய், அதற்கு இந்த ஊழியர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று பட்டியல் போடு, பாடத்தைப் பிறகு யோசி என்பது அதன் வழி.

கையேடு வருவதற்கு முன்பே அந்த வழியில் போனவர்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். எங்கள் பகுதியிலிருந்து நகர் ரோட்டைப் பிடித்து அகமத்நகர் போய், அதையும் தாண்டிப் போனால் ஜாம்கேட். வேலூர் சி.எம்.சி.யில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதி 1970-ல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதார ஊழியர்களாக்கினார்கள். 1979-ல் மகசேசே விருது கிடைத்தது.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது மாநிலத்தின் கிழக்குக் கோடியில், கட்சிரோலியில் நடந்தது. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி 1980களில் அங்கே போனார்கள். குழந்தைகள் நிமோனியாவில் செத்துக்கொண்டிருந்தன. டாக்டரோ எங்கேயோ. ஊரில் இருப்பது மருத்துவச்சிதான். 'நிமோனியாவின் காரணங்களையும் அறிகுறிகளையும் விவரிப்பார்' என்று நோக்கம் எழுதி அவருக்கு வகுப்பு எடுத்திருக்கலாம். அவர் விவரித்து யாருக்கு என்ன லாபம்? அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணி, இதற்கு இப்போதே மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் அறுபது, அதற்கு மேல் ஒரு வயது வரை ஐம்பது. அந்த அளவை எட்டினால் ஆபத்து.

சிக்கல் என்னவென்றால், அறுபது வரை எண்ணத் தெரியாது. கையில் கடிகாரமும் கிடையாது.

சாதாரணமாக இந்த இடத்தில் என்ன செய்வோம்? 'தகுதி போதாது' என்று ஆளைக் கழிப்போம், இல்லை வேலையைக் குறைப்போம். பங் தம்பதி இரண்டையும் செய்யவில்லை. ஒரு நிமிடத்தில் மணல் இறங்கும் குப்பி, பக்கத்தில் இரண்டு வரிசை மணி என்று ஒரு கருவி செய்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். சிசுவுக்கான வரிசையில் ஐந்து பச்சை, ஆறாவது சிவப்பு. பெரிய குழந்தைக்கு நாலு பச்சை, ஐந்தாவது சிவப்பு. மணல் தீருவதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. அவ்வளவுதான். மேகரைப் படித்துவிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய மூன்றில் செயலையும் அளவையும் தொடாமல் சூழ்நிலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

1990களின் நடுவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பச்சைக் குழந்தைக்கு வரும் ரத்தத் தொற்றைக் கண்டுபிடித்து ஊசி போடுவது வரை கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். டாக்டர் அல்லாதவர் கையில் ஊசியா என்று கேட்கத் தோன்றும். 39 கிராமங்களில் நடந்த சோதனை அதற்குப் பதில் சொன்னது: மூன்றாம் வருடத்தில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிடப் பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு 62 சதவீதம் குறைந்தது. லான்செட் இதழில் 1999-ல் வெளியானது.

2011-ல் மத்திய அரசு வீட்டுக்கே போய்ச் சிசுவைப் பார்க்கும் திட்டத்தை ஆஷா ஊழியர்கள் மூலம் கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு ஆறு தடவை, வீட்டில் பிறந்ததற்கு ஏழு தடவை. 2005-ல் ஆஷா திட்டம் தொடங்கியபோது கேட்ட படிப்பு எட்டாம் வகுப்பு. அதனால் இவர்கள் பையில் தராசு, தெர்மாமீட்டர், டிஜிட்டல் கடிகாரம் எல்லாம் உண்டு. மணி வரிசை வேண்டியிருக்கவில்லை. மூச்சை மட்டும் இன்னும் எண்ணத்தான் வேண்டும்.