பாணும் சோவியத்தும்

ஜார் மன்னனின் வீழ்ச்சியைத் தமிழருட் பலர் முதலில் அறிந்துகொள்வது பாரதியாரின் ‘புதிய ருஷ்யா’ என்னும் பாட்டின் மூலமாகவே. அப்பாட்டை ஒக்டோபர்ப் புரட்சிக்குக் கூறிய வாழ்த்தாகவே நம்மிற் பெரும்பாலோர் கொள்வர். ஆயினும் பாட்டின் பொருள் ஜாரின் வீழ்ச்சி. ஜார் வீழ்ந்ததோ ஒக்டோபரிலன்று, அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், பெப்ரவரியில். மாகாளியின் கடைக்கண் பார்வையாற் கொடுங்கோலன் வீழ்ந்தான் என்பது கவிஞன் கண்ட காட்சி. அந்தப் பார்வை எவருடைய கண்களில் இருந்தது என்று கேட்பது வரலாற்று மாணவனின் வேலை.

இரண்டு புரட்சிகளையும் ஒன்றாக்கிவிடுவது சிறு பிழையன்று. ஒக்டோபருக்குத் திட்டம் இருந்தது, தலைமை இருந்தது, அதனை நடத்திய கட்சியும் இருந்தது. பெப்ரவரிக்கு இவை எவையும் இருக்கவில்லை. முந்நூறு ஆண்டு முடியாட்சியைச் சாய்த்த மக்கள் ஒருபுறமும், எட்டு மாதங்களின் பின் ஆட்சியேறிய கட்சி மறுபுறமும் நிற்க, இரண்டுக்கும் இடையிலிருந்த உறவு எத்தகையது, அது பின்னர் என்னவாயிற்று என்பதே நாம் ஆராய வேண்டியது.

றொமானோவ் வம்சம் 1613இல் அரியணை ஏறியது. 1913இல் அதன் முந்நூறாவது ஆண்டு விழா நாடெங்கும் கொண்டாடப்பட்டது. அரண்மனையினர் அவ்விழாவிற் கண்ட கூட்டத்தை மக்களின் பக்தியென்று நம்பினர். பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் விடுதலை பெற்ற குடியானவன் தனக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் மீட்புப் பணம் கட்டவேண்டியிருந்தது. 1905ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாரின் படத்தையும் தேவாலயக் கொடிகளையும் ஏந்தி மனுக்கொடுக்கச் சென்ற தொழிலாளர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அவ்வாண்டில்தான் ‘சோவியத்’ என்ற சொல்லுக்குப் புதிய பொருள் பிறந்தது. ஆலைதோறும் தொழிலாளர் தெரிந்தனுப்பிய பிரதிநிதிகளின் மன்றம் அது. அதனை எந்த நூலாசிரியனும் கற்பனை செய்து கொடுக்கவில்லை. வேலைநிறுத்தமே அதனைப் பெற்றெடுத்தது. ஜார் டூமா என்னும் பாராளுமன்றத்தை அளித்தான்; பிறகு தனக்கு உவப்பானவர்களே அமரும்படி 1907இல் தேர்தற் சட்டத்தை மாற்றிக்கொண்டான்.

1914இல் தொடங்கிய போர் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்களை ஏரிலிருந்தும் எந்திரத்திலிருந்தும் பிரித்தெடுத்தது. 1915இல் இரண்டாம் நிக்கலஸ் படைத்தலைமையைத் தானே ஏற்றுத் தலைநகரை விட்டு நீங்கினான். அதன்பின் வந்த தோல்வி ஒவ்வொன்றும் அவன் பெயரிலேயே எழுதப்பட்டது. ரஸ்புட்டின் கதைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவன் 1916 டிசெம்பரிற் கொல்லப்பட்டான். அவன் இறந்த பின்னும் பாண் வரிசை ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

அந்த வரிசையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நாட்டில் தானியம் இல்லாமற் போகவில்லை. ஆலைகள் எல்லாம் போர்த்தளபாடம் செய்தமையால், தானியத்தை விற்ற பணத்துக்கு வாங்குவதற்குக் குடியானவனுக்குத் துணியோ ஆணியோ கிடைக்கவில்லை. ஆகவே அவன் தானியத்தை வைத்துக்கொண்டான். விற்கப்பட்ட தானியத்தை ஏற்றிவரவேண்டிய புகையிரதப் பெட்டிகளோ போர்முனைக்குப் போயிருந்தன. எஞ்சியவையும் பழுதுபட்டுக் கிடந்தன. 1917 பெப்ரவரியில் பெற்றோகிராட் நகரத்துப் பெண்கள் ஆலையிற் பத்து மணிநேரத்துக்கு மேல் உழைத்துவிட்டு, உறைபனியிற் பாண் கடை வாசலிற் காத்து நின்றனர். பாண் பங்கீட்டு முறை வரப்போகின்றது என்ற வதந்தி வரிசைகளை மேலும் நீட்டியது.

பழைய ருஷ்ய நாட்காட்டியிற் பெப்ரவரி 23, நமது கணக்கில் மார்ச் 8, சர்வதேசப் பெண்கள் தினம். வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் அன்று காலை வேலையை நிறுத்தினர். அப்பகுதியின் போல்ஷெவிக்குகள்கூட, காலம் கனியவில்லை, பொறுத்திருங்கள் என்றே முதல்நாள் அறிவுரை கூறியிருந்தனர். பெண்கள் பொறுக்கவில்லை. அயலிலிருந்த உலோக ஆலைகளின் வாசலுக்குச் சென்று ஆண்களையும் வெளியே அழைத்தனர். அன்று மாலைக்குள் வேலைநிறுத்தம் செய்தோர் ஏறத்தாழ 90,000 பேர். இரண்டு நாட்களில் தலைநகரின் ஆலைகள் ஏறத்தாழ முழுவதும் நின்றுவிட்டன. “பாண்!” என்று தொடங்கிய முழக்கம் “போர் ஒழிக!” என்றும், பின்னர் “எதேச்சாதிகாரம் ஒழிக!” என்றும் வளர்ந்தது. மூன்று முழக்கங்களையும் எழுப்பியவர்கள் ஒரே மக்களே. பாண் இல்லாமைக்குக் காரணம் போர், போருக்குக் காரணம் முடியாட்சி என்ற அரசியற் பாடத்தை அவர்கள் மூன்று நாளிற் கற்றுத் தேர்ந்தனர்.

கூட்டத்தை அடக்குமாறு ஜார் போர்முனைத் தலைமையகத்திலிருந்து தந்தியனுப்பினான். 26ஆம் நாள் ஞாயிறு, படைகள் சுட்டன, பலர் மாண்டனர். அன்றிரவு வொலின்ஸ்கி படைப்பிரிவின் சிப்பாய்கள் தம் பாசறையில் உறங்காது பேசிக்கொண்டிருந்தனர். பகலிற் சுட்டவர்கள் அவர்கள். மறுநாட் காலை அணிவகுத்து நின்றபோது மீண்டும் சுடச் செல்வதில்லை என்று மறுத்தனர். கட்டளையிட வந்த அதிகாரி கொல்லப்பட்டார். அவர்கள் அயற்பாசறைகளுக்குச் சென்று ஏனையோரையும் எழுப்பினர். மாலைக்குள் பல்லாயிரம் சிப்பாய்கள் தொழிலாளருடன் கலந்துவிட்டனர். இச்சிப்பாய்கள் வேறெவருமல்லர், இராணுவ உடை தரித்த குடியானவர்களே. ஆலைப் பெண்ணின் பசியும் குடியானவனின் நிலவேட்கையும் தெருவிற் சந்தித்த அந்த ஒரு பகலில் முடியாட்சியின் கதை முடிந்தது.

அந்நாட்களிற் பிறந்த ஓர் ஆவணம் நமது ஆசிரியர்களின் கவனத்துக்குரியது. புதிதாகத் தோன்றிய பெற்றோகிராட் சோவியத் மார்ச் 1ஆம் நாள் (பழைய கணக்கு) ‘முதலாம் இலக்கக் கட்டளை’யை வெளியிட்டது. படைப்பிரிவுதோறும் சிப்பாய்கள் குழுக்களைத் தெரிவுசெய்ய வேண்டும், ஆயுதங்கள் அக்குழுக்களின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்பன அதன் பெரிய செய்திகள். இவற்றுடன் இன்னுமொன்றும் அதில் இருந்தது. அதிகாரிகளை ‘மேன்மை தங்கியவரே’ என விளிக்கும் வழக்கம் ஒழிக. அதிகாரிகள் சிப்பாயை ‘நீ’ என்று ஒருமையில் அழைத்தலாகாது. ‘நீ’ என்ற ஓரெழுத்துச் சொல்லின் கனத்தை, சாதி பார்த்து ஒருமையும் பன்மையும் வழங்கிய மண்ணிற் பிறந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நிலமும் பாணும் கேட்ட அதே மூச்சில் ‘நீங்கள்’ என்ற சொல்லையும் அம்மக்கள் கேட்டனர் என்பதை எம் பாடநூல்கள் ஏனோ கூறுவதில்லை.

ஜார் தலைநகருக்குத் திரும்ப முயன்றான். பாதை மறிக்கப்பட்டமையால் அவனது புகையிரதம் ப்ஸ்கோவ் நகரை அடைந்தது. போர்முனைத் தளபதிகளிடம் தந்திமூலம் கருத்துக் கேட்கப்பட்டபோது முடிதுறத்தலே தக்கதென்று விடைகள் வந்தன. மார்ச் 2இல் நிக்கலஸ் தம்பி மிக்கையிலின் பெயருக்கு முடியைத் துறந்தான். மறுநாள் தம்பியும் அதனை ஏற்க மறுத்தான். 304 ஆண்டுகள் ஆண்ட வம்சத்தைக் காக்க ஒரு படைப்பிரிவும் முன்வரவில்லை. இச்செய்தி லெனினுக்கு எட்டியபோது அவர் சூரிச் நகரிலிருந்தார். வரப்போகும் புரட்சியின் தீர்க்கமான போராட்டங்களைக் காணத் தம்மைப்போன்ற மூத்தோர் உயிருடனிருப்பரோ என்று அவர் அதே ஆண்டு ஜனவரியில் ஐயுற்றுப் பேசியிருந்தார். இதனைக் குறையென்று கூறவில்லை. மக்கள் எழும் நாளை அவர்களுக்கு முன்னதாக எவரும் அறிவதில்லை.

தௌரிடா மாளிகை என்ற ஒரே கட்டடத்தின் ஒரு சிறகிற் டூமாவின் கனவான்கள் கூடித் தற்காலிக அரசாங்கத்தை அமைத்தனர். மறு சிறகிற் சோவியத் கூடியது. அதிகாரம் இரண்டாகப் பிளந்திருந்தது. சோவியத்தின் தலைவர்களாயிருந்த மென்ஷெவிக்குகள், இது முதலாளித்துவப் புரட்சி, ஆகவே ஆட்சி முதலாளித்துவத்துக்கே உரியது என்று ஏட்டைப் பார்த்து விலகி நின்றனர். தற்காலிக அரசாங்கம் செய்த நன்மைகளை நாம் மறைக்கவேண்டியதில்லை. அரசியற் கைதிகளை விடுவித்தது. எழுத்துக்கும் பேச்சுக்கும் இருந்த விலங்கை அகற்றியது. பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் எழுச்சிக்குக் காரணமான கேள்விகளுள் ஒன்றுக்கேனும் அதனால் விடையளிக்க முடியவில்லை. போர் தொடர்ந்தது. நிலப்பிரச்சினை அரசியல் நிர்ணய சபைக்கென ஒத்திவைக்கப்பட்டது. அந்தச் சபைக்கான தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது. ஜூனிற் கெரென்ஸ்கி தொடங்கிய படையெடுப்புப் பெருந்தோல்வியில் முடிந்தது. காத்திருக்க முடியாத குடியானவர் கிராமங்களில் நிலத்தைத் தாமே பங்கிடத் தொடங்கினர். சிப்பாய்கள் அந்தப் பங்குக்காகப் போர்முனையை விட்டு ஊர் திரும்பினர்.

ஏப்ரலில் நாடு திரும்பிய லெனின், தற்காலிக அரசாங்கத்துக்கு ஆதரவில்லை, அதிகாரம் முழுவதும் சோவியத்துகளுக்கே என்றபோது அவருடைய கட்சித் தோழர்களே திகைத்தனர். ஆனால் அவர் சொன்னது வைபோர்க் பெண்ணுக்கும் பாசறைச் சிப்பாய்க்கும் விளங்கிற்று. ஓகஸ்டிற் தளபதி கொர்னிலோவ் தலைநகர்மீது படைநடத்த முயன்றான். அம்முயற்சியை முறியடித்த தொழிலாளரும் சிப்பாய்களும் அதன்பின் போல்ஷெவிக்குகளின் பக்கம் பெருந்தொகையாகச் சாய்ந்தனர். செப்டெம்பர் மாதத்திற் பெற்றோகிராட், மொஸ்கோ ஆகிய இரு நகர்களின் சோவியத்துகளிலும் அவர்களே பெரும்பான்மையினர். ஒக்டோபரைச் சிலரின் சதியென்று மட்டும் கூறுவோர் இந்தப் பெரும்பான்மைக்கு விடை கூற வேண்டும்.

ஒக்டோபர் 25இன் நிகழ்ச்சியைப் பலர் ஐசன்ஸ்டைனின் திரைப்படத்தின் வழியாகவே மனத்திற் கொண்டுள்ளனர். உண்மையிற் குளிர்கால மாளிகை வீழ்ந்தபோது இறந்தோர் மிகச் சிலரே. நகரில் டிராம் வண்டிகள் ஓடின. நாடக அரங்குகள் திறந்திருந்தன. மொஸ்கோவிலேதான் ஒரு வாரம்வரை கடும் சமர் நிகழ்ந்தது. மறுநாள் சோவியத்துகளின் பேரவை சமாதானப் பிரகடனத்தையும் நிலப் பிரகடனத்தையும் ஏற்றது. நிலப் பிரகடனத்துடன் இணைக்கப்பட்ட வழிகாட்டி, நாட்டின் பல பாகங்களிலிருந்து குடியானவர் அனுப்பிய 242 மனுக்களிலிருந்து தொகுக்கப்பட்டது. தொகுத்தவர்கள் போல்ஷெவிக்குகளுமல்லர், அவர்களோடு போட்டியிட்ட சோஷலிசப் புரட்சியாளர் கட்சியினர். தம் திட்டத்தைத் திருடிவிட்டதாக அவர்கள் குறைகூறினர். ஆனால் அரசாங்கத்திற் பங்குகொண்டிருந்தும் அதனை நிறைவேற்றாதவர்கள் அவர்களே.

இதுவரை சொன்னதோடு நிறுத்துவது நமக்கு உவப்பானதே. நம் தரப்பில் எழுதப்பட்ட கட்டுரைகள் பல இவ்விடத்தில்தான் நின்றுவிட்டன. ஆனால் 1991இற் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது, அதனைக் காக்கவும் ஆலைகளிலிருந்து மக்கள் திரண்டு வரவில்லை. அதனைக் கண்டபின் நாம் இவ்விடத்தில் நிற்கமுடியாது.

நவம்பரில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலிற் சோஷலிசப் புரட்சியாளர் ஏறத்தாழ 40 வீத வாக்குகளையும், போல்ஷெவிக்குகள் ஏறத்தாழ நாலிலொரு பங்கையும் பெற்றனர். நகரங்களும் தலைநகரை அடுத்த பாசறைகளும் போல்ஷெவிக்குகளுடன் நின்றன. பரந்த நாட்டுப்புறம் நிற்கவில்லை. 1918 ஜனவரி 5இற் கூடிய சபை மறுநாட் கலைக்கப்பட்டது. ஜேர்மன் சிறையிலிருந்து எழுதிய றோசா லக்சம்பேர்க், ஒக்டோபரைப் போற்றிய அதே கட்டுரையில் இச்செயலையும் பத்திரிகைச் சுதந்திரம் பறிக்கப்பட்டதையும் கண்டித்தார். அவரைப் புரட்சியின் பகைவர் என்று எவரும் சொல்லமுடியாது.

அவ்வாண்டு மூண்ட உள்நாட்டுப் போரையும், பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் படைகள் ருஷ்ய மண்ணில் இறங்கியதையும் காட்டி, முற்றுகையே கடுமைக்குக் காரணம் என்பர். முற்றுகை பொய்யன்று. வெண்படையினர் செய்த கொடுமைகளும் பொய்யல்ல. ஆயினும் பத்திரிகைகளை மூடும் ஆணை 1917 ஒக்டோபரிலேயே பிறந்தது. ‘செக்கா’ என்ற இரகசியப் பொலிஸ் அதே டிசெம்பரிற் தோன்றியது. இவை முற்றுகைக்கு முந்தியவை. 1918 ஜூலையில் எக்காத்தரின்பேர்க்கில் முடியிழந்த ஜாரையும் மனைவியையும் மட்டுமன்றி ஐந்து பிள்ளைகளையும் சுட்டுக்கொன்றதற்கு எந்த வர்க்க நியாயமும் போதாது.

இவ்வாண்டுகளிற் சோவியத்துக்கு நேர்ந்ததென்ன? வைபோர்க் தொழிலாளரிற் பலர் செம்படையிற் சேர்ந்து மாண்டனர்; பலர் பசியால் ஊர் திரும்பினர். இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பெற்றோகிராட்டில் 1920இல் ஏழு இலட்சமளவினரே எஞ்சினர். ஆலைகள் ஓய்ந்தபோது ஆலைகளிலிருந்து தெரிவுசெய்யப்படும் மன்றமும் உயிரிழந்தது. மாற்றுக் கட்சிகள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. சோவியத் என்ற பெயர்ப்பலகை இருந்தது. உள்ளே முடிவெடுத்தது கட்சிக் குழு.

1921 ஜனவரியிற் பாண் பங்கு மூன்றிலொன்று குறைக்கப்பட்டது. பெப்ரவரியில், ஜார் வீழ்ந்து சரியாக நான்கு ஆண்டுகளின் பின், பெற்றோகிராட் ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசாங்கம் நகரில் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. அண்மையிலிருந்த குரொன்ஸ்டாட் கடற்படைத் தளத்தின் மாலுமிகள் பிரதிநிதிகளை அனுப்பி விசாரித்தறிந்தபின், போர்க்கப்பலொன்றிற் கூடித் தீர்மானம் நிறைவேற்றினர். சோவியத்துகளுக்கு இரகசிய வாக்கெடுப்பின்மூலம் புதிய தேர்தல் வேண்டும். தொழிலாளருக்கும் குடியானவருக்கும் இடதுசாரிக் கட்சிகளுக்கும் பேச்சுச் சுதந்திரம் வேண்டும். உழைப்போர் அனைவருக்கும் சமமான உணவுப் பங்கு வேண்டும். மன்னராட்சியை அவர்கள் கேட்கவில்லை. 1917இல் ட்ரொட்ஸ்கி புரட்சியின் பெருமை என்று பாராட்டியது இத்தளத்தின் மாலுமிகளையே. இப்போது அவர்கள்மீது உறைந்த கடலின் பனிக்கட்டியைக் கடந்து செம்படையை அனுப்பியவர்களில் அவரும் ஒருவர்.

அதே மார்ச்சிற் கூடிய கட்சியின் பத்தாவது பேரவை, குடியானவரிடமிருந்து தானியத்தைப் பறிக்கும் முறையைக் கைவிட்டு வரிமுறையை ஏற்றது. அதே பேரவை கட்சிக்குள்ளே மாற்றுக் குழுக்களையும் தடைசெய்தது. பாண் பற்றிய கேள்விக்கு ஒருவகையில் விடை கிடைத்தது. மார்ச் 18இற் குரொன்ஸ்டாட் முற்றாக வீழ்ந்தது. அன்று பாரிஸ் கம்யூனின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு. பெற்றோகிராட்டில் அந்நாள் விழாவாகக் கொண்டாடப்பட்டது.