நிழலுக்கு வந்தும் மறையாத கானல்

அருப்புக்கோட்டையைத் தாண்டி, குமாரலிங்கபுரம் பக்கம் சித்திரை வெயிலில் பொட்டலைப் பாருங்கள். தூரத்தில் தண்ணீர் நெளியும். கிட்டே போனால் மாயமாகிவிடும். மாயமாகாத கானலும் உண்டு, தெரியுமா?

1943, ஏப்ரல் 19. ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரம். ஆல்பர்ட் ஹாஃப்மன் என்கிற விஞ்ஞானி, தானே உருவாக்கிய எல்.எஸ்.டி.யைக் கால் மில்லிகிராம் விழுங்கிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். பார்த்ததெல்லாம் நெளிந்தது! மறுநாள் தெளிந்துவிட்டது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. போதை இறங்கி வருஷக்கணக்கான பிறகும் சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம், நகரும் கைக்குப் பின்னால் வால், சுவரெங்கும் புள்ளிகள்! 1983-ல் ஹென்றி ஆபிரகாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், எல்.எஸ்.டி. பழகிய 123 பேரை ஆராய்ந்து இதைப் பதிவு செய்தார். 1987-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியது.

இவர்கள் பைத்தியங்கள் அல்ல. தெரிவது நிஜமில்லை என்று அவர்களுக்கே தெரியும். வேதனையே அதுதான்! கஞ்சா உட்பட எல்லா போதையையும் விட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி, 'இன்னும் தெரியுதா?' என்று சுவரையே முறைக்காமல் வேலையைப் பார்த்தால், பலருக்கு மெல்ல மெல்லத் தொந்தரவு குறைகிறது. டாக்டரிடம் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்வதும் முக்கியம்.

கொடைக்கானலில் போதைக் காளான் தேடி மலையேறும் தம்பிகளே... இறங்கும்போது கானலும் கூடவே இறங்கி வரலாம்!