சுகோயின் வால் நெருப்பு

போன மே மாத விடுமுறைக்கு வந்த பேரன், கணினியில் போர் விமானம் ஓட்டிக் காட்டினான். சுகோய்-27, நம்மூர் சுகோய்-30க்கு அண்ணன். கிளம்பும்போது பின்னால் இரண்டு ஊதா ஜுவாலைகள்; அவற்றுக்குள் கரும்புக் கணு போல வரிசையாக வெளிச்ச முடிச்சுகள். "இதெல்லாம் சும்மாடா. நெருப்பு மஞ்சளாத்தான் இருக்கும். புதுக்கோட்டை ரோட்டுல நின்னு எத்தனை தடவை பாத்திருக்கேன்" என்றேன். "நீங்க சரியா பாக்கல தாத்தா" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

நம் ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. 2013 மே மாதம் ஏ.கே. அந்தோணி இதை விமானப்படை நிலையமாகத் திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20, பொங்கல் முடிந்த கையோடு, 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30களுடன் இங்கே வந்தது.

1969இல் தொடங்கியபோது இந்த ஸ்குவாட்ரன் ஓட்டியதும் சுகோய்தான், சுகோய்-7. அதன் இன்ஜின் ஏ.எல்-7; இப்போதுள்ளது ஏ.எல்-31 வகை. 'ஏ.எல்.' என்பது ஆர்க்கிப் லியுல்கா என்ற இன்ஜினியரின் பெயர்ச் சுருக்கம். உக்ரைன் கிராமத்தில் பிறந்து 1984இல் மறைந்தவர். ஐம்பது வருஷம் கழித்தும் அதே ஸ்குவாட்ரனின் வாலில் அதே மனிதரின் நெருப்பு!

அந்த நெருப்புக்கு ஆஃப்டர்பர்னர் என்று பெயர். இன்ஜினுக்குள் போகும் காற்றில் உள்ள பிராணவாயு முழுவதும் செலவாவதில்லை. டர்பைனைத் தாண்டி வரும் சூடான புகையில் மறுபடி எரிபொருளைத் தெளித்தால் அதுவும் எரிந்து தள்ளும். ஏழே முக்கால் டன் தள்ளுவிசை பன்னிரண்டரை டன் ஆகிவிடும். எரிபொருளும் தண்ணீராய்ச் செலவாகும் என்பதால் கொஞ்ச நேரம்தான் போடுவார்கள். நம் நாட்டிலேயே வடிவமைத்த மாருத் விமானம் 1961இல் பறந்தது. ஒலியைப் போல இரு மடங்கு வேகம் போக வேண்டியது. அதற்கேற்ற ஆஃப்டர்பர்னர் இன்ஜின் கடைசிவரை அமையவில்லை. நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தையே தாண்ட முடியாமல் போனது. எனக்கு இன்றும் அதில் ஆதங்கம் உண்டு.

நிறத்துக்கு வருகிறேன். விமான எரிபொருள் நம் ரேஷன் மண்ணெண்ணெயின் நெருங்கிய சொந்தம். பம்ப் ஸ்டவ் நினைவிருக்கிறதா? காற்று போதாவிட்டால் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கும். நன்றாக அடித்தால் நீலம். மஞ்சள் என்பது எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்வது. வருஷக்கணக்கில் ஸ்டவ் அடித்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

முடிச்சுகளும் நிஜம்தான். வெளியேறும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றோடு ஒத்துப்போகாமல், அது சுருங்கி விரிந்து, மறுபடி சுருங்கிப் போகிறது. நெருக்கப்படும் இடங்களில் சூடேறி ஒளிர்கிறது. ஆஸ்திரிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் மாக் பெயரால் 'மாக் டயமண்ட்' என்கிறார்கள்.

ஆரம்பகால விமான விளையாட்டுகளில் சில முக்கோணங்களை ஒட்டித்தான் தீயைக் காட்ட முடிந்தது. உச்சி வெயிலில் அந்த ஜுவாலை கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது என்பதையெல்லாம் அப்போது யார் பார்த்தார்கள்? 1995இல் மாஸ்கோக்காரர்கள் 'சுகோய்-27 ஃப்ளாங்கர்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டுக்கு முதல் சுகோய்-30 வந்து சேர்ந்ததே 1997இல், புனேவுக்கு! பேரன் ஓட்டியது அதே நிறுவனத்தின் இன்றைய டி.சி.எஸ். இப்போதும் சில விளையாட்டுகளில் தீ அளவுக்கு மீறி நீளம். ராத்திரியில் கேமரா லென்ஸை அதிக நேரம் திறந்துவைத்து எடுத்த படங்களைப் பார்த்து வரைந்தால் அப்படித்தான் வரும் என்பது என் ஊகம்.

ஆவணியில் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் ஆஸ்பத்திரிச் சுவர் நீலமாக இருந்தது. போகும்போது பழுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். "புரை முத்தினா நீலமும் ஊதாவும்தான் சார் முதல்ல மங்கும்" என்றார் டாக்டர்.

ஐப்பசியில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம். மழை விட்டிருந்தது. மகன் ஸ்கூட்டரில் புதுக்கோட்டை ரோட்டுக்குக் கூட்டிப்போனான். ஒன்று கிளம்பியது. ஓரங்களில் ஊதா, நடுவில் வெளிறிய ஆரஞ்சு மணிகள். சத்தம் பிறகு வந்து நெஞ்சில் இடித்தது.

அங்கிருந்தே பேரனுக்குப் போன் போட்டு, "நீ சொன்னதுதாண்டா சரி" என்றேன்.

"கணு எத்தனை தாத்தா?"

நாலு வரை எண்ணினேன். அதற்குள் மேகத்துக்குள் போய்விட்டது.