பித்த உடம்பு

"அவருக்குப் பித்த உடம்பு" என்று இலேசாகச் சொல்லிவிடுகிறோம். சினத்துக்கும் இளநரைக்கும் அதுவே விடையாகிவிடுகிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுள்ள சரக சங்கிதையில், விமானத்தானத்தின் 8ஆம் அத்தியாயத்தைப் படித்தபோதுதான், நேயர்களே, அச்சொல்லின் அளவு எனக்கு விளங்கிற்று. பித்தத்தின் வெம்மை பெரும்பசியையும் இளநரையையும் தரும் என்று அந்நூலும் கூறுகிறது. ஆயினும் நோயாளியிடம் ஆராய வேண்டியவை 10 என வகுக்கிறது. கருவில் அமையும் வாத, பித்த, கப இயல்பு அவற்றுள் முதலாவது, வயது இறுதியானது. இடையே உடற்கட்டு, பழகிய உணவு, மனத்திண்மை, செரிக்கும் ஆற்றல் முதலியன வருகின்றன. இத்தனையும் எதற்கு? நோயாளியின் வலிமையை அறிந்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கவே. வலிமை குன்றியவருக்குக் கடுமருந்து கொடுத்தால் உயிருக்கே கேடு என்று எச்சரிக்கவும் செய்கிறது. பித்த உடம்பினர் எல்லாருக்கும் ஒரே மருந்து என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.