தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்பது ஊர்ப்புறங்களில் வாழும் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரின் ஊட்டக்குறையைக் குறைக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு உலக வங்கியின் கடனுதவியுடன் நடத்திய பொதுநலத் திட்டம் ஆகும். இதன் முதற்கட்டம் 1980 முதல் 1989 வரையிலும், இரண்டாம் கட்டம் 1990களிலும் நடைபெற்றன. குழந்தைகள் அனைவருக்கும் உணவு வழங்குவதை இத்திட்டம் தன் வழியாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி தளர்ந்த குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குக் கூடுதல் உணவு அளிப்பதே இதன் தனித்தன்மை. ஊட்டச்சத்து தொடர்பான பன்னாட்டு ஆய்வுகளில் இத்திட்டம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு உணவளிக்கும் அரசுத் திட்டங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956 ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பின்னர் பால்வாடிகள் வழியாகவும் பிற அமைப்புகள் வழியாகவும் பல உணவுத் திட்டங்கள் செயற்பட்டன. எனினும் ஊர்ப்புறக் குழந்தைகளிடையே ஊட்டக்குறை பரவலாகவே இருந்து வந்தது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த சிட்னி கேன்டர் நிறுவனம் தமிழ்நாட்டின் உணவு, ஊட்டச்சத்து நிலையை விரிவாக ஆராய்ந்தது. 1973 இல் வெளியான அதன் அறிக்கை, பிற்காலத் திட்டமிடலுக்கு அடிப்படையாக அமைந்தது. அப்போதைய உணவுத் திட்டங்களின் குறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

- உணவு பெரும்பாலும் பள்ளிக்கோ மையத்திற்கோ நடந்து வரக்கூடிய குழந்தைகளுக்கே கிடைத்தது. ஊட்டக்குறையால் மிகுதியாகப் பாதிக்கப்படும் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகள் விடுபட்டனர்.
- வீட்டிற்குக் கொடுத்தனுப்பிய உணவு குடும்பத்தார் அனைவருக்கும் பகிரப்பட்டது. குறிப்பிட்ட குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது சிறு பங்கே.
- உணவு வழங்குவோரும் நோய்க்கு மருந்து தருவோரும் தனித்தனியே இயங்கினர். வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் உள்ள குழந்தைக்கு உணவு மட்டும் அளித்தால் பயன் குறைவு.

மூன்று வயதிற்குட்பட்ட பருவம் முதன்மை பெறுவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாய்ப்பால் குழந்தையின் தேவையை நிறைவு செய்கிறது. அதன் பின்னர் தாய்ப்பாலுடன் மசித்த சோறு, பருப்பு, கீரை, பழம் போன்ற இணையுணவும் தேவை. இவ்வுணவு காலந்தாழ்ந்தாலோ, நீர்த்த கஞ்சியாக மட்டும் அமைந்தாலோ குழந்தையின் எடை ஏறுவது நின்றுவிடும். குழந்தை தவழ்ந்து கண்டதை வாயில் வைக்கும் பருவமும் இதுவே ஆதலால் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து உண்டாக்கும் வளர்ச்சி இழப்பைப் பள்ளி வயதில் உணவளித்து முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

தொடக்கம்

முதற்கட்டத்திற்கு உலக வங்கியின் பன்னாட்டு வளர்ச்சிக் கழகம் 3 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. உணவின் ஆற்றல் அளவு குறைவாக இருந்த மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1980 அக்டோபரில் அப்போதைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஊராட்சி ஒன்றியத்தில் முன்னோடியாகத் தொடங்கப்பட்ட பணி, படிப்படியாகப் பிற ஒன்றியங்களுக்கு விரிந்தது.

திட்டம் நான்கு கூறுகளைக் கொண்டிருந்தது: ஊட்டச்சத்துப் பணி, சுகாதாரப் பணி, மக்களிடையே பரப்புரை, கண்காணிப்பும் மதிப்பீடும்.

சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர்

திட்டத்தின் அடித்தளம் ஊர் மையத்தில் பணியாற்றிய சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளரே. ஏறத்தாழ 1,500 மக்களுக்கு ஒருவர் என்ற அளவில் இவர்கள் அமர்த்தப்பட்டனர். அந்தந்த ஊரிலேயே வாழும் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்பது முதன்மை விதி. ஓரளவு பள்ளிக்கல்வி பெற்றவராகவும், ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தும் தம் குழந்தைகளை நலமாக வளர்த்தவராகவும் இருப்பவர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. அதே வருவாயில் குழந்தையை நன்கு வளர்த்துக் காட்டிய ஒருவரின் சொல்லைத் தாய்மார் ஏற்பார்கள் என்பது இதன் அடிப்படை.

இவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சி அளிக்கப்பட்டது. நிரந்தர அரசு ஊதியம் இன்றி மதிப்பூதியமே வழங்கப்பட்டது. ஏறத்தாழ பத்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளரும், அவர்களுக்கு மேல் ஒன்றிய அளவில் பயிற்றுநரும் இருந்தனர். மேற்பார்வையாளர் மையத்திற்கு வரும்போது ஏடுகளைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், பணியாளருடன் சேர்ந்து எடை போட்டும் வீடுகளுக்குச் சென்றும் பயிற்சியைத் தொடர்ந்தார்.

பணியாளரின் கடமைகள்:

- 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளைப் பதிவு செய்து மாதந்தோறும் எடை போடுதல்
- எடையை வளர்ச்சி அட்டையில் குறித்துத் தாய்க்கு விளக்குதல்
- தேர்வான குழந்தைகளுக்கு நாள்தோறும் மையத்திலேயே உணவு ஊட்டச் செய்தல்
- தாய்ப்பால், இணையுணவு, வயிற்றுப்போக்கின்போது நீர்ச்சத்து கொடுத்தல் ஆகியன பற்றி வீடு தேடிச் சென்று எடுத்துரைத்தல்
- உயிர்ச்சத்து ஏ, குடற்புழு நீக்க மருந்து, கருவுற்ற பெண்களுக்கான இரும்புச்சத்து மாத்திரை ஆகியன சேர்வதற்கு உதவுதல்

ஊர்ப் பெண்களைக் கொண்ட மகளிர் குழுக்களும் அமைக்கப்பட்டன. இவை உணவு தயாரிப்பதிலும், தாய்மாரை மையத்திற்கு அழைத்து வருவதிலும் துணைநின்றன.

எடையும் வளர்ச்சி அட்டையும்

வளர்ச்சி அட்டை தமிழ்நாட்டில் தோன்றியதன்று. ஆங்கிலேய மருத்துவர் டேவிட் மோர்லி நைசீரியாவில் பணியாற்றியபோது உருவாக்கிய அட்டையே இவ்வகை அட்டைகளுக்கு முன்மாதிரி. அட்டையின் கிடைக்கோட்டில் குழந்தையின் வயது மாதக் கணக்கிலும், நெடுக்கோட்டில் எடையும் இருக்கும். மாதந்தோறும் இடும் புள்ளிகளை இணைத்தால் வரும் கோடு மேலேறினால் வளர்ச்சி உண்டு. அக்கோடு படுக்கையாகச் சென்றால் எச்சரிக்கை, கீழிறங்கினால் இடர்.

ஊட்டக்குறையின் தரங்களுக்கு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 1972 இல் வகுத்த முறை நாட்டில் பரவலாகப் பயன்பட்டு வந்தது. அம்முறையில் வயதுக்குரிய அளவு எடையில் 80 விழுக்காட்டிற்கு மேல் இருப்பின் இயல்பு நிலை. 71 முதல் 80 வரை முதல் தரம். 61 முதல் 70 வரை இரண்டாம் தரம். 51 முதல் 60 வரை மூன்றாம் தரம். 50 அல்லது அதற்குக் கீழ் நான்காம் தரம். மூன்றாம், நான்காம் தரங்கள் கடும் ஊட்டக்குறையாகக் கொள்ளப்படும்.

இத்திட்டத்தில் இருவகைக் குழந்தைகள் உணவுக்குத் தேர்வாயினர். கடும் ஊட்டக்குறை உடையோர் ஒரு வகை. தரம் எதுவாயினும் அடுத்தடுத்த எடைகளில் போதிய ஏற்றம் காட்டாதோர் மற்றொரு வகை. இரண்டாவது விதியே புதுமையானது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு அளவு எடை 10 கிலோகிராம் எனக் கொள்வோம்.

- முதற் குழந்தையின் எடை 8.2 கிலோகிராம். தரப்படி இயல்பு நிலை. ஆனால் கடந்த மூன்று மாதங்களாக எடை ஏறவே இல்லை.
- இரண்டாம் குழந்தையின் எடை 6.6 கிலோகிராம். தரப்படி இரண்டாம் தரம். ஆனால் மூன்று மாதங்களுக்கு முன் 6.0 கிலோகிராம் இருந்து சீராக ஏறி வந்துள்ளது.

இவ்விருவரில் உணவுக்குத் தேர்வாவது முதற் குழந்தையே. கண்ணுக்குக் கொழுகொழுவென்று தோன்றும் குழந்தைக்கு உணவும், மெலிந்த குழந்தைக்கு அறிவுரையும் கிடைப்பது தாய்மாருக்கு முரணாகத் தோன்றக்கூடும். மெலிந்த குழந்தை மீண்டு வருகிறது, மற்றது சரியத் தொடங்கியுள்ளது என்பதைக் கோட்டைக் காட்டி விளங்க வைப்பது பணியாளரின் கடினமான வேலைகளுள் ஒன்று. குழந்தையை எடை போட்டால் கண்ணேறு படும் என்ற அச்சமும் தொடக்கத்தில் தடையாக இருந்தது. பணியாளர் அதே ஊர்ப்பெண்ணாக இருந்தமை இத்தடையைக் கடக்க உதவியது.

கூடுதல் உணவு

தேர்வான குழந்தைக்குத் தானியமும் பருப்பும் வறுத்து அரைத்து வெல்லம் சேர்த்துப் பிடித்த சத்துருண்டை வழங்கப்பட்டது. குடும்பத்தாரிடையே பகிரப்படுவதைத் தவிர்க்க, குழந்தை அதனை மையத்திலேயே உண்ண வேண்டும். இது வீட்டு உணவிற்கு மாற்றாக அன்றி, அதற்கு மேலதிகமாகத் தரப்பட்டது.

பொதுவாக 90 நாட்களுக்கு உணவு வழங்கப்பட்டது. அதற்குள் எடை போதிய அளவு ஏறினால் உணவு நிறுத்தப்படும். ஏறாவிடில் காலம் நீட்டிக்கப்படும். அதன் பிறகும் பயனில்லை எனில் உணவுக்குறை மட்டும் காரணமன்று எனக் கொண்டு குழந்தை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பப்படும். இடர் மிகுந்த நிலையிலிருந்த கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கூடுதல் உணவு உண்டு.

உணவு நிறுத்தப்படுவது தண்டனை அன்று, தேர்ச்சி என்றே கூறப்பட்டது. உணவு வந்துபோகும் ஓர் உதவியாக இருக்க, எடையைக் கவனித்து உணவூட்டும் பழக்கம் வீட்டில் நிலைக்க வேண்டும் என்பதே நோக்கம். எந்த நேரத்திலும் பதிவு பெற்ற குழந்தைகளில் ஒரு பகுதியினரே உணவு பெற்றதால், செலவும் எல்லோருக்கும் உணவளிப்பதைவிடக் குறைந்தது.

கண்காணிப்பு

ஒவ்வொரு மையத்திலும் பதிவு பெற்ற குழந்தைகள், எடை போடப்பட்டோர், உணவு பெறுவோர், கடும் ஊட்டக்குறை உடையோர் ஆகிய எண்ணிக்கைகள் மாதந்தோறும் தொகுக்கப்பட்டன. இவற்றைப் பலகையில் எழுதி ஊரார் காண வைக்கும் முறையும் இருந்தது. இத்தகவல் முறையை மீரா சேகர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1991 இல் கார்னெல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. ஏடுகள் குறைவாகவும் எளிமையாகவும் இருந்தமையும், அவற்றின் தகவல் ஊர் மட்டத்திலேயே முடிவெடுக்கப் பயன்பட்டமையும் இம்முறையின் வலிமைகள்.

விளைவுகள்

திட்டப் பகுதிகளில் இளங்குழந்தைகளின் கடும் ஊட்டக்குறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் தெரிவித்தன. உலக வங்கியின் ஊட்டச்சத்து வல்லுநர் ஆலன் பெர்க் 1987 இல் வெளியிட்ட நூலில் இத்திட்டத்தின் படிப்பினைகளை விரித்துரைத்தார். 1995 இல் தொடங்கிய வங்காளதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதனை முன்மாதிரியாகக் கொண்டது.

விமர்சனங்கள்

- மிதமான ஊட்டக்குறை கடும் ஊட்டக்குறையைப் போலக் குறையவில்லை. கடும் தரத்திலிருந்து மீண்ட குழந்தைகள் பலர் மிதமான தரத்திலேயே தங்கினர். சிலர் உணவு நின்றபின் மீண்டும் சரிந்தனர்.
- ஊட்டச்சத்துப் பணி சமூக நலத்துறையிடமும் மருத்துவப் பணி சுகாதாரத் துறையிடமும் இருந்தன. ஊர் மட்டத்தில் ஊட்டச்சத்துப் பணியாளரும் சுகாதாரப் பணியாளரும் இணைந்து செயற்படுவது பல இடங்களில் குறைவாகவே இருந்தது.
- தாய்மாருக்கான பணி குழந்தைகளுக்கான பணியளவு வலுப்பெறவில்லை. குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைகளின் சிக்கல் தாயின் உடல்நிலையிலிருந்தே தொடங்குவதால் இது பெருங்குறை.
- எடை போடுவது எளிதாக நிலைபெற்ற அளவுக்கு, அதனைக் கொண்டு தாயுடன் உரையாடுவது நிலைபெறவில்லை. பிற நாடுகளில் இதே முறையைப் பின்பற்றிய திட்டங்களைப் பற்றியும் இக்குறை கூறப்பட்டது.

சத்துணவுத் திட்டத்துடன் ஒப்பீடு

1982 சூலை 1 ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் ஊர்ப்புறங்களில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கும் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கும் எனத் தொடங்கிய இது, பின்னர் நகர்ப்புறங்களுக்கும் மேல் வகுப்புகளுக்கும் விரிந்தது. இவ்வாறு ஒரே மாநிலத்தில், ஒரே காலத்தில், எதிரெதிரான இரு கொள்கைகள் அருகருகே செயற்பட்டன.

தேர்ந்தெடுத்து உணவளிப்பதில் செலவு குறைவு. மிகவும் தேவைப்படுவோரைச் சேர்கிறது. ஆனால் நாள்தோறும் பசியோடு இருந்தும் எடை தளராத குழந்தை விடுபடுகிறது. அனைவருக்கும் உணவளிப்பதில் எவரும் விடுபடுவதில்லை. சாதி, வகுப்பு வேறுபாடின்றிக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். மக்கள் அதனை உரிமையாகக் கருதுவதால் அரசுகள் மாறினாலும் நிலைக்கிறது. ஆனால் கைக்குழந்தை அந்தப் பந்திக்கு வருவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல, வெவ்வேறு வயதினருக்கு உரியன என்பதே தமிழ்நாட்டுப் பட்டறிவு காட்டுவது.

இரண்டாம் கட்டமும் பின்னரும்

இரண்டாம் கட்டம் மேலும் பல ஒன்றியங்களுக்கு விரிவடைந்தது. மூன்று வயதிற்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்வியும் சத்துணவும் ஒரே மையத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 1997 இல் இக்கட்டம் முடிவுற்ற பின்னர், இதன் மையங்கள் 1975 அக்டோபர் 2 இல் இந்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துடன் இணைக்கப்பட்டன. இன்று அங்கன்வாடி மையங்களில் நடைபெறும் மாதாந்திர எடைப் பதிவு, அம்மரபின் தொடர்ச்சியாகும்.

2006 இல் உலக சுகாதார அமைப்பு புதிய வளர்ச்சி அளவுகோல்களை வெளியிட்டது. இந்தியாவும் அவற்றைப் பின்பற்றுவதால் பழைய தரங்களின் எண்களை இக்கால எண்களுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 25.0 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் குன்றியவர்கள், 22.0 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடை குறைந்தவர்கள். கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. கடும் ஊட்டக்குறையைக் குறைப்பதில் திட்டம் வெற்றி கண்டது. ஆயினும் அது வலுப்பெறாத இடமாகிய தாயின் உடல்நலமே இன்றும் தமிழ்நாட்டின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

- சத்துணவுத் திட்டம்
- ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம்
- அங்கன்வாடி
- இணையுணவு
- இரத்தசோகை